செல்ஃப் எடுக்கலை!

‘செல்ஃப் போச்சு' என்று ஒரு ஞானி சொன்னால் அது முக்தி. மெக்கானிக் சொன்னால் அது செலவு.

ஸ்டார்ட்டர் மோட்டார் என்றுதான் புத்தகத்தில் போட்டிருக்கும். நம் ஊரில் எவனும் அப்படிச் சொல்வதில்லை. ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்பதில் வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் வைத்துக்கொண்டோம். ‘செல்ஃப் அடிச்சுப் பாரு', ‘செல்ஃப் எடுக்குதா?', ‘செல்ஃப் வீக்கா இருக்கு சார்.' இதையெல்லாம் ஒரு வேதாந்தி கேட்டால் ஒர்க்‌ஷாப்பிலேயே ஆசிரமம் போட்டுவிடுவார்.

இந்த செல்ஃப் வருவதற்கு முன்னால் காரின் மூக்கில் ஒரு இரும்பு ஹாண்டிலைச் செருகி, தம் கட்டிச் சுற்ற வேண்டியிருந்தது. பழைய அம்பாசடர் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், தோள்பட்டையைத் தடவிக்கொண்டே சொல்வார்கள். சில சமயம் எஞ்சினுக்குக் கோபம் வந்து எதிர்ப்பக்கமாக உதைக்கும். மணிக்கட்டு காலி. இப்படி முறிந்தவர்கள் அத்தனை பேர் இருந்ததால், மணிக்கட்டுப் பக்கத்தில் வரும் ஓர் எலும்பு முறிவுக்கு டாக்டர்கள் ‘ஷோஃபர் ஃபிராக்சர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அதே பெயர்தான்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் சார்லஸ் கெட்டரிங் என்கிற அமெரிக்கர். 1912-ம் வருஷத்து காடிலாக் கார்களில் அவருடைய மின்சார செல்ஃப் வந்தது. அதற்கு முன்னால் அவர் வேலை பார்த்தது கல்லாப்பெட்டி தயாரிக்கிற கம்பெனியில்! கடைக்காரருக்குக் கை வலிக்காமல் கல்லா திறக்க மோட்டார் வைத்தவர், அதே யோசனையை எஞ்சினுக்கும் கொண்டுபோனார். கல்லாவைத் திறக்கிற மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. ஒரு சில விநாடி முழுப் பலத்தோடு உதைத்தால் போதும். காரை எழுப்பவும் அதுதான் தேவை.

கல்லாப்பெட்டி சம்பந்தம் இருப்பதால் இந்த விஷயத்தில் ஒரு பி.காம். பட்டதாரி மூக்கை நுழைக்கலாம் என்று நினைக்கிறேன். மற்றபடி எனக்குத் தெரிந்த ஒரே கரண்ட், கரண்ட் அக்கவுண்ட்.

திருச்சி உறையூரில் என் பெரியப்பா வீட்டு போர்டிகோவில் ஒரு மாருதி 800 நிற்கிறது. 2005 மாடல். அது பெரியப்பாவின் கார் இல்லை. பெரியம்மாவின் கார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, தன் சேமிப்பில் வாங்கி, 50 வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டார். பெரியப்பாவுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்து, ‘ஹாரன் அடி, ஹாரன் அடி' என்று 19 வருஷம் உத்தியோகம் பார்த்தார்.

2024 மார்ச்சில் பெரியம்மா போய்விட்டார். அன்றைக்கு மூடிய கவர்தான். 14 மாசம் யாரும் அதைத் தொடவில்லை. பெரியப்பாவும் ஏறத்தாழ அப்படித்தான். பால் வாங்க, மாத்திரை வாங்க, அவ்வளவுதான் வெளியே வருவது.

சிக்கல் ஆர்.சி. ரூபத்தில் வந்தது. கார் பதிவு 15 வருஷத்துக்கு. பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2020-ல் பெரியம்மா புதுப்பித்தது 2025 ஜூனில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டியே நேரில் போய் நிற்க வேண்டும். போட்டோ காட்டினால் நடக்காது.

பழைய கார் வாங்குகிற ஒருவர் வந்து பார்த்தார். கவரைக்கூடப் பாதிதான் தூக்கினார்.

“ஓடலைன்னா 10 ரூபா தர்றேன் சார்.''

10 ரூபாய் என்றால் 10 ஆயிரம். வியாபாரிகள் பாஷை.

புனேயிலிருந்து அக்கா போனில், “குடுத்துடுங்கப்பா, நின்னு நின்னு துருப்பிடிக்கும்'' என்றாள். பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

“ஓடாத வண்டின்னா எடைக்குப் போட்டுடலாம்டா. ஓடற வண்டின்னா எப்படிப் போடறது? முதல்ல ஓடுதா பாரு.''

பிடித்தது சனி எனக்கு.

சாவியைப் போட்டுத் திருகினேன். ஒரு சத்தமும் இல்லை. டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. இது எதிர்பார்த்ததுதான். கார் சும்மா நின்றாலும் பேட்டரி சும்மா இருப்பதில்லை. அதுவாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும். போதாக்குறைக்குக் கடிகாரம், ஸ்டீரியோ, எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும். வங்கியில் மினிமம் பாலன்ஸ் இல்லை என்று மாசாமாசம் பிடிப்பார்களே, அந்த மாதிரி. நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. காலியாகவே மாசக்கணக்கில் விட்டால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். அப்புறம் சார்ஜ் போட்டாலும் ஏறாது.

பெரியம்மாவின் பேட்டரி 9 வோல்ட்டில் கிடந்தது.

எதிர் வீட்டு சாஃப்ட்வேர் தம்பி ஜம்பர் கேபிளோடு ஓடி வந்தான். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன், வேலை செய்யாமல் இருக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. ஆனால் முறையாகச் செய்தான். சிவப்பு கிளிப்பை நம் பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனையைத் தன் பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு கிளிப்பைத் தன் மைனஸ்ஸில், அதன் மறுமுனையை நம் எஞ்சினின் இரும்பில். கடைசி கிளிப்பை பேட்டரியில் மாட்டக்கூடாது. மாட்டும்போது பொறி பறக்கும், பேட்டரி மேலே ஹைட்ரஜன் வாயு இருந்தால் வம்பு. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே மாட்டினான்.

சாவியைத் திருகினேன். ‘ஊங்... ஊங்... ஊங்...' என்று செல்ஃப் சுற்றியது! எஞ்சின் பிடிக்கவில்லை. ஆனால் சுற்றியது. பெரியப்பா திண்ணையிலிருந்து எழுந்தே விட்டார்.

“பேட்டரிதான் அங்கிள். புதுசு போட்டா முடிஞ்சது'' என்றான் தம்பி. தெருவே ஆமோதித்தது. பழையது செத்துத்தான் போயிருந்தது, எப்படியும் புதுசு போட்டே ஆக வேண்டும். போட்டோம். நாலாயிரத்துச் சொச்சம்.

ஹெட்லைட்டைப் போட்டால் சினிமா புரொஜெக்டர் மாதிரி அடிக்கிறது. ஹாரன் தெருமுனை வரை கேட்கிறது. வைப்பர் ஆடுகிறது. பெரியப்பா முகத்தில் 14 மாசமாகக் காணாமல்போன ஏதோ ஒன்று வந்தது. நான் சாவியைத் திருகினேன்.

‘டிக்.'

மறுபடியும் திருகினேன். மறுபடியும் ஒரே ஒரு ‘டிக்.' அவ்வளவுதான். பெரியப்பா போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

இந்த இடத்தில் ஆளுக்கொரு யோசனை. “தள்ளி ஸ்டார்ட் பண்ணுங்க'' என்றார் ஒருவர். “சுத்தியால செல்ஃப் தலையில ஒரு போடு போடுங்க'' என்றார் இன்னொருவர். போனில் பிடித்த ஒர்க்‌ஷாப்காரர் வண்டியைப் பார்க்காமலே, “செல்ஃப் மோட்டார் அவுட்டு. புதுசு மாத்திடலாம். லேபரோட 6,500 ஆகும்'' என்றார். 10 ஆயிரத்துக்குக் கேட்கப்பட்ட வண்டிக்கு பேட்டரி 4, செல்ஃப் 6.5. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். “விட்டுடுடா, அவன்கிட்டயே குடுத்துடலாம்'' என்றார் பெரியப்பா.

அப்போதுதான் பாய் வந்தார்.

நாச்சியார்கோயில் பக்கம் ஒரு ஒற்றைக் கதவுக் கடை. ‘செல்ஃப், டைனமோ ரிப்பேர்' என்று போர்டு. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. போர்டை மாற்றவில்லை. பாய்க்கு 60-க்கு மேல் இருக்கும். வந்தவர் வண்டியைத் தொடவில்லை. முதலில் கேட்டது: “என்ன சத்தம் வருது தம்பி?''

சத்தத்தில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? எல்லாமே அதில்தான் இருக்கிறது. பாய் சொன்ன பாடத்தை அப்படியே தருகிறேன், வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தமே இல்லை, விளக்கும் இல்லை என்றால் பேட்டரி காலி, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது. விளக்கு எரிகிறது, செல்ஃப் மட்டும் மௌனம் என்றால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், செல்ஃபுக்குப் போகிற சின்ன ஒயர் இவற்றைப் பார்க்க வேண்டும். எலிக்கு ஒயர் என்றால் இடியாப்பம்.

‘டிகடிகடிகடிக' என்று பல்லி மாதிரி அடித்தால் பேட்டரியில் தெம்பு இல்லை. சாலனாய்டு இழுக்கிறது, உடனே வோல்ட்டேஜ் படுத்துவிடுகிறது, அது விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது.

‘விர்ர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், பெண்டிக்ஸ் பல்சக்கரம் முன்னால் போய்க் கவ்வவில்லை. பழைய கிரீஸ் பிசினாகியிருக்கும்.

ஒரே ஒரு ‘டிக்' என்றால் சாலனாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது. மோட்டாருக்குத் தேவையான கரண்ட் வந்து சேரவில்லை. அல்லது வந்தும் அதனால் சுற்ற முடியவில்லை. உள்ளே கார்பன் பிரஷ் மாட்டிக்கொண்டிருக்கலாம். சாலனாய்டு காண்டாக்ட் கருகியிருக்கலாம். எஞ்சினே இறுகியிருக்கலாம்.

“கேபிள் மாட்டினப்போ சுத்திச்சா?''

“சுத்திச்சு பாய்.''

“அப்ப எஞ்சின் இறுகலை. செல்ஃபும் சாகலை.'' ஒரு விநாடி யோசித்தார். “கறுப்புக் கிளிப்பை எங்க மாட்டினீங்க?''

“எஞ்சின்ல'' என்றான் தம்பி. “அதான கரெக்ட்டு?''

“கரெக்ட்டுதான்'' என்று பாய் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எங்களுக்கு அரை மணி கழித்துத்தான் புரிந்தது.

பையிலிருந்து ஒரு மல்டிமீட்டரை எடுத்தார். கண்ணாடியில் விரிசல், ரப்பர் பாண்டு போட்டிருந்தது. கியர் நியூட்ரலா, ஹாண்ட்பிரேக் இருக்கா என்று பார்த்துக்கொண்டார். பெரியப்பாவின் வேட்டியை ஃபேன் பக்கத்திலிருந்து தள்ளிப் போகச் சொன்னார். பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். 12.6. “அடிங்க தம்பி.'' டிக். 12.2.

“நல்லா சுத்தினா 10, 11-க்கு இறங்கணும். இறங்கவே இல்லை. பேட்டரி குடுக்கத் தயாரா நிக்குது. வாங்கத்தான் முடியலை.''

அடுத்து, மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் மைனஸ்ஸில் வைத்தார். இன்னொன்றை எஞ்சினின் வெற்று இரும்பில் வைத்தார். “இது ரெண்டும் ஒண்ணுதானே தம்பி, கேபிள் போட்டு இணைச்சிருக்கே. அப்ப மீட்டர் என்ன காட்டணும்?''

“ஜீரோ.''

“அடிங்க.''

டிக். மீட்டர் 6 வோல்ட்டுக்கு மேல் காட்டியது!

எனக்குப் புல்லரித்தது. ஏன் என்றால் இந்தத் தருணம் எனக்குத் தெரியும். டிரயல் பாலன்ஸ் டேலி ஆகாமல் ராத்திரி 10 மணி வரை மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் வித்தியாசம் எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று கண்ணில் படுமே, அந்தத் தருணம். பேட்டரியிலிருந்து 12 புறப்படுகிறது. செல்ஃபுக்கு 6 போய்ச் சேர்கிறது. மீதி 6 நடுவழியில் யாரோ சுருட்டுகிறார்கள். இதில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினாலே சந்தேகப்பட வேண்டுமாம்.

சுருட்டியது எர்த் பட்டை. பேட்டரி மைனஸ்ஸிலிருந்து ஒரு கேபிள் பாடிக்குப் போகிறது. இன்னொன்று எஞ்சின் பக்கம் போகிறது. பிளஸ் வழியாகப் போகிற கரண்ட் வேலையை முடித்துவிட்டு வீடு திரும்புகிற வழி அது. போகிற வழியை எல்லோரும் துடைத்து வைக்கிறார்கள். திரும்பி வருகிற வழியை யார் பார்க்கிறார்கள்? 14 மாச ஈரத்தில் அந்த போல்ட்டுக்கும் செம்புக்கும் நடுவே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது.

அப்படியானால் ஹெட்லைட் எப்படி எரிந்தது? முதல் காரணம், அதற்கு பாடி வழியாகத் தனிப் பாதை இருக்கிறது. இரண்டாவது காரணம் அளவு. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 10 ஆம்பியர்தான். செல்ஃபுக்கு 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஒரு இணைப்பில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள், ஒன்றுமே இல்லாத அளவு. 10 ஆம்பியர் போனால் அரை வோல்ட் நஷ்டம், கண்ணுக்குத் தெரியாது. 100 ஆம்பியர் போக நினைத்தால் 5 வோல்ட் நஷ்டம். சந்தில் சைக்கிள் போகிறதே என்று தேரை விட்டால் என்ன ஆகும்? ஆகவே, ‘லைட்டு நல்லா எரியுதே, அப்ப செல்ஃப்தான் அவுட்டு' என்று யாராவது சொன்னால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

இப்போது பாயின் சிரிப்புக்கு வருவோம். தம்பி கறுப்புக் கிளிப்பை எஞ்சினில் மாட்டினானே, அப்போது கரண்ட் அந்த கேபிள் வழியாகவே நேராகத் திரும்பிவிட்டது. கெட்ட பட்டையின் தயவு தேவைப்படவில்லை. அதனால்தான் சுற்றியது. கேபிளைக் கழற்றியதும் பழைய பாதை, பழைய ‘டிக்'. முறையாக மாட்டியதே நோயை மறைத்துவிட்டது.

பாய் அதையும் நிரூபித்தார். அதே ஜம்பர் கேபிளை எடுத்து, புதுப் பேட்டரியின் மைனஸ்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மாட்டி, “அடிங்க'' என்றார். செல்ஃப் ‘கிர்ர்ர்' என்று உற்சாகமாகச் சுற்றியது. “போதும் போதும். 10 விநாடிக்கு மேல சுத்தாதீங்க, சூடாகி வெந்துடும். ஒரு நிமிஷம் விட்டு அடிக்கணும்.''

பிறகு பேட்டரி மைனஸ்ஸைக் கழற்றிவிட்டு, போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினார். உதட்டுக்குத் தடவுகிற அதே வாசலின். ஏர் ஃபில்டரைத் திறந்தால் எலி ஒன்று பஞ்சாங்கத்தைக் கிழித்துப் பிரசவ வார்டே நடத்தியிருந்தது. நல்ல நாள் பார்த்திருக்கும். ஆயில் அளவு பார்த்தார். 14 மாசப் பெட்ரோல் வாசனை மாறிக் கிடந்தது. முதல் நாள் எஞ்சின் பிடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். டேங்க்கின் அடியில் இருந்ததை வடித்துவிட்டு 10 லிட்டர் புதுசு ஊற்றினோம்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்டேன். “பேட்டரி செத்த வண்டியைத் தள்ளினா நெஞ்சுவலிதான் ஸ்டார்ட் ஆகும்'' என்றார். இந்தக் காலத்து வண்டிகளில் பெட்ரோல் பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும். சுத்தியல் வைத்தியம்? பிரஷ் மாட்டிக்கொண்டிருந்தால் மரப்பிடியால் லேசாகத் தட்டலாம், ஒரு தடவை ஓடும், வீடு போய்ச் சேரலாம். ஓங்கிப் போட்டால் உள்ளே காந்தம் வைத்த மோட்டார்களில் காந்தமே உடையும்.

“அய்யா, நீங்க வாங்க, நீங்களே அடிங்க'' என்று பெரியப்பாவைக் கூப்பிட்டார் பாய்.

பெரியப்பா தயங்கினார். 19 வருஷமாக அந்த வலது பக்கக் கதவை அவர் திறந்ததில்லை. ஏறி உட்கார்ந்தார். சீட் முன்னால் இழுத்து வைத்திருந்தது, பெரியம்மா குள்ளம். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. நான் சீட்டைத் தள்ளிப்போடக் குனிந்தேன். “வேணாம், இருக்கட்டும்'' என்றார்.

திருகினார். செல்ஃப் இரண்டு சுற்று. இருமல். மறுபடி இரண்டு சுற்று. பிடித்துக்கொண்டது! புகையும் தூசியும் கிளம்ப, எஞ்சின் நின்று பேசியது. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு டாஷ்போர்டைத் திறந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பெரியம்மா பெட்ரோல் போட்டதெல்லாம் தேதி, லிட்டர், கிலோமீட்டர் என்று எழுதிவைத்த நோட்டு. டீச்சர் இல்லையா, மார்ஜின்கூடப் போட்டிருந்தார். கடைசி வரிக்குக் கீழே பெரியப்பா தேதி போட்டு ‘10 லிட்டர்' என்று எழுதினார். கிலோமீட்டர் கட்டத்தில், முன் வரியில் இருந்த எண்ணோடு 4 கூட்டி எழுதினார்.

பாய் கேட்டது 200 ரூபாய். “கழட்டினேன், தேய்ச்சேன், மாட்டினேன். வேற என்ன பண்ணினேன்?'' பெரியப்பா 500 கொடுத்தார். பாய் 200-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு அறிவுரையைக் கொசுறாகத் தந்தார்: “வாரம் ஒரு தடவையாவது அரை மணி ஓட்டுங்க அய்யா. நின்ன எடத்துலயே 5 நிமிஷம் உறும விட்டா பேட்டரிக்குப் போனது திரும்பி வராது. மாசக்கணக்குல ஊருக்குப் போனா மைனஸ்ஸைக் கழட்டிட்டுப் போங்க. ஹாண்ட்பிரேக் போடாம கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கல்லு வைங்க, இல்லைன்னா பிரேக் ஒட்டிக்கும்.''

“யாரு ஓட்டறது?'' என்றார் பெரியப்பா.

பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்கதான்.''

வண்டியை நான்தான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிப்போனேன். 5 வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குக் கூட வந்த பெரியப்பா, அதே ஆபீசில் எல்.எல்.ஆருக்கு என்னென்ன வேண்டும் என்று கவுண்ட்டரில் விசாரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும் என்றார்கள். மறுநாளே வாங்கிவிட்டார். வயது 72.

இப்போது தினமும் காலை 6 மணிக்கு ‘எல்' போர்டு மாட்டிய வண்டி டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரோடு உறையூரைச் சுற்றுகிறது. கிளட்ச்சை எப்போது விடுவது என்பதில் இன்னும் கொஞ்சம் அபிப்பிராய பேதம். தெருமுனை போவதற்குள் நாலு தடவை ஆஃப் ஆகிறது. நாலு தடவையும் செல்ஃப் எடுக்கிறது. இடது பக்க சீட்டிலிருந்து வாத்தியார் கத்துவது எங்கள் வீட்டு மாடி வரை கேட்கிறது:

“ஹாரன் அடிங்க சார், ஹாரன் அடிங்க!''